மதினி ஏன் முட்டி போட வேண்டும்?

என் உயிரான அண்ணனுக்கு,

நீ கப்பலிலேயே மாரடைப்பில் போய் இரண்டு வருஷமாகிறது. உன்னை நினைக்காத நாள் இல்லை. ஆனால் இன்று அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

உன் மகள் ஜெனிக்கு ஐந்து வயது. கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை. என்னைக் கண்டால் மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. ரோஸி மதினி அவளை இடுப்பில் சுமந்துகொண்டு மில்லர்புரத்துக்குப் பிசியோதெரபிக்கு அலைகிறாள். பஸ்ஸில் ஆளாளுக்கு ஒரு கேள்வி. "சொந்தத்துல கட்டுனியா? மாசமா இருக்கையில கீழ விழுந்தியா?"

ஊர் வாயை விடு. கர்ப்பத்தில் மதினி கிரகணம் பார்த்ததால்தான் பிள்ளை இப்படி என்று நம் அம்மாவே சொல்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலிருந்து பீடம் வரை மதினி முட்டி போட்டு நடந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அம்மா அப்படி நேர்ந்துவிட்டாள்.

"செய்யாத தப்புக்கா மதினி?" என்றேன்.

"சும்மா கெட ஏளா. மாமி மனசு ஆறட்டும்."

எனக்கு ஆறவில்லை. ஜெனியைப் பார்க்கும் டாக்டரிடமே போய்க் கேட்டேன். "கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மூளைவாதம் சில பிள்ளைகளுக்கு வயித்துக்குள்ளயே வந்திரும். சிலதுக்குப் பிறக்கையில மூச்சு முட்டி வரும். காரணமே தெரியாததும் உண்டு. இவளுக்குப் பிறந்த வாரத்துல மஞ்சள் காமாலை கூடி மூளையைத் தாக்கிருச்சு. உடனே கொண்டு வந்திருந்தா லைட்டுல வச்சுக் குறைச்சிருக்கலாம். இதை அப்பவே இவ அப்பாகிட்ட சொன்னேனே" என்றார்.

உன்னிடம் சொன்னாராமே, அண்ணே!

ஜெனி பிறந்த அந்த வாரம் வீட்டுக்கு வந்த நர்ஸம்மா, "உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இருக்கு, இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாள். மதினி சேலை மாற்றிக் கிளம்பியும் விட்டாள். கப்பலிலிருந்து போனில் நீதான் கத்தினாய். "ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளைய வாசப்படி தாண்ட விடாதீங்க. கப்பல் கரைக்கு வந்திரும், நான் வந்துருதேன். அதுவரைக்கும் காலை வெயில்ல காட்டுங்க, மஞ்சள்லாம் ஓடிரும்." அம்மா கதவைச் சாத்தினாள். நீ வந்து சேர்ந்தபோது பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு வில்லாய் வளைந்து கிடந்தாள்.

நீ கெட்டவன் இல்லை. மகள் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டாய், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருஷம் உயிரோடு இருந்தாயே, ஒரு நாளாவது "அந்த மஞ்சள்தான் காரணமாம், நான்தான் தடுத்தேன்" என்று அம்மாவிடம் சொன்னாயா? அவள் மதினியைத் திட்டத் திட்ட நீ குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாயே, அந்தச் சோறு எப்படி இறங்கியது?

மதினிக்கும் எல்லாம் தெரியும். "செத்த மனுசன இழுக்காத" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவனுக்கு மரியாதை, உயிரோடு இருக்கிறவளுக்கு முட்டியில் காயமா?

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். என் முகத்தில் முழிக்காதே என்பாள். சொல்லட்டும். மதினி ஜெனியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்துதான் அந்தக் கோயிலுக்குள் போவாள். உன்மேல் சத்தியம்.

உன் பேரைக் கெடுக்கப்போகும்,
உன் ஒரே தங்கச்சி