நிரந்தர முகவரி என்ற கட்டம்

குவார்ட்சைட், அரிசோனா
பிப்ரவரி 9

அன்பு மருமகள் கோராவுக்கு,

பாலைவனச் சக்கரவர்த்தியும், பதினோரு மீட்டர் நீளமுள்ள சக்கரம் வைத்த அரண்மனையின் அதிபதியுமான உன் மெர்ல் மாமா எழுதுவது. நான் நலம். அரண்மனைக்குத்தான், அதாவது நாங்கள் குடியிருக்கும் வண்டிக்குத்தான், சுகமில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கியர்பெட்டி செத்தது. அது போட்ட சத்தத்தில் மெக்சிகோவில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியிருக்கும். நடுவழியில் நின்றால் வந்து இழுத்துப்போகும் திட்டம்தான் இருக்கிறதே என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரி வர ஐந்து மணி நேரம் ஆனது. உன் அத்தை வெர்னாவின் ஆக்சிஜன் மெஷினை ஓட்டும் ஜெனரேட்டர் மூன்றாவது மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. மிச்ச நேரத்தைச் சின்ன சிலிண்டரில் ஓட்டினோம்.

வண்டிக்குள் ஆளை வைத்து இழுக்கக் கூடாது என்றான் லாரிக்காரன். உதடு நீலம் பாரித்துக் கிடந்த வெர்னா சொன்னாள்: "இவர மட்டும் உள்ள வெச்சு இழு தம்பி. நாப்பது வருஷமா நான் அப்படித்தான் இழுக்கிறேன்."

பழுது பார்த்தாயிற்று. வாரண்டியும் இழுவைத் திட்டமும் இருபதாம் தேதியோடு முடிகின்றன. புதிதாக எடுப்பதா வேண்டாமா என்று வெர்னாவோடு உலகப்போர் நடத்தி, நான் தோற்று, கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"வருஷம் முழுக்க வண்டியிலயேவா சார் இருக்கீங்க?" என்று கேட்டது அந்தப் பெண்.

"ராஜா மாதிரி!" என்று மார்தட்டினேன்.

"அப்போ உங்களுக்கு இது செல்லாதுங்க. லீவுல ஊர் சுத்துறவங்களுக்குத்தான். வீடுன்னு ஒண்ணு வேணும்."

வீட்டை விற்றுத்தான் வண்டி வாங்கினேன் என்று சொல்லவில்லை. "ஆயிரம் பொய் சொன்ன வாய், இன்னிக்குப் போயி உண்மையப் பேசுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் வெர்னா.

இன்னொரு கம்பெனியின் படிவம் வந்திருக்கிறது. அதிலும் அதே கட்டம்: நிரந்தர முகவரி. உன் வீட்டு முகவரியை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். என் பொய்களை அடுக்கினால் ராக்கி மலை குட்டையாகிவிடும். ஆனால் இந்த ஒன்றுக்குக் கை வரவில்லை, கண்ணு. இன்னொரு முறை சாலையோரம் நின்றால் அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிற்காவிட்டாலும் செப்டம்பர் வரைதானாம்.

உன் முன்னறைத் தையல் மெஷினை ஓரமாக நகர்த்தினால் ஒரு கட்டில் போடலாம், இல்லையா? அங்கே மின்சாரம் நிற்காது. அந்த முகவரி அவளுக்காவது உண்மையாகட்டும். பெரிய சிலிண்டர் நான்கு வாங்கி வைத்துவிட்டேன். இருபதாம் தேதிக்குள் நெப்ராஸ்கா வந்து சேர்ந்துவிடலாம். நான் உன் வாசலில் வண்டியைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். நகராத வண்டிக்கு வாரண்டி வேண்டாம்.

படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். உன் வீடு குளிர் தெரியாமல் இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மெர்ல் மாமா