மோரியில் வழுக்கியவர்கள்

தாராவி,
புதன்கிழமை, மத்தியானம்.

ஆண்டவர் கண்ணுக்கு எட்டாத இடம் எதுவுமில்லை என்ற தைரியத்தில், என் மகள் ஜான்சிக்கு உன் பெரியம்மா ஜெபசெல்வி எழுதுவது.

கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்களா? வலது கை என்றாயே, சோறு எப்படிப் பிசைகிறாய்? போனில் கேட்டிருப்பேன். ஆனால் நான் கூப்பிட்டால் சாஜன் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். ஆண்டி எப்படி இருக்கீங்க என்று அவர் கேட்க, நான் நல்லாயிருக்கேன் தம்பி என்று சொல்ல, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடுதாசி. பூசாவல் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் தபால்காரர் வரும் நேரம் மாப்பிள்ளை டூட்டியில் இருப்பார் என்று முன்னே நீதான் சொன்னாய். அவர் கையிலேயே கிடைத்தாலும் பயமில்லை. மான்குர்தில் இந்தி படித்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்ட வராது.

நம் ரூமை மூடிவிட்டார்கள் மகளே. இட்லிக்காரர் கணேசபாண்டியன் வீட்டு மாடியில் நீ ஆரம்பித்த ரூம். நீ இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதி, டெல்லிக்காரர்களிடம் கிராண்ட் வாங்கி, அடிபட்ட பெண்கள் வந்து உட்கார ஒரு பாயும், ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போக ஆளும் வைத்தாயே, அது. கல்யாணமாகி நீ போன பிறகு நானும் சபுராவும் எங்களுக்குத் தெரிந்தவரை பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்தது போதவில்லை.

ஜூலையில் டெல்லியிலிருந்து ஒரு அம்மா வந்தாள். நல்ல மாதிரிதான். சபுரா போட்ட டீயைக் குடித்தாள், ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். போன மாதம் டிரஸ்ட் செயலாளர் சிவகுருநாதன் சார் எங்களைச் செம்பூர் ஆபீசுக்குக் கூப்பிட்டு, வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். இரண்டு வருஷத்தில் புருஷன் அடித்தான் என்று ஒன்பது பேர்தான் பதிவாகியிருக்கிறார்களாம். வீட்டு மூலையில் குளிக்கிற மோரியில் வழுக்கி விழுந்தவர்கள் இருநூற்றுப் பதினாலு பேராம். ஆகவே இந்தப் பகுதியில் வன்முறை குறைந்துவிட்டதாம், திட்டம் நினைத்தது நிறைவேறிவிட்டதாம், இனிமேல் கிராண்ட் கிடையாதாம். விழுகிறவர்களுக்காக அறுபது ரப்பர் பாய் அனுப்பியிருக்கிறார்கள்.

சபுரா சிரித்துவிட்டாள். "செல்வியக்கா, நம்ம வீட்டு மோரி மூணுக்கு மூணு. குத்தவச்சு குளிச்சா முழங்கால் செவத்துல இடிக்கி. அதுல விழுறதுக்கு எடம் எங்கக்கா இருக்கு?" என்றாள். சிவகுருநாதன் சார் சிரிக்கவில்லை. நானும்தான்.

தப்பு என்னுடையது. எழுத உட்கார்ந்த முதல் நாள் நீ சொன்னாய், அவங்க வாயால என்ன சொல்றாங்களோ அதையே எழுதுங்க பெரியம்மா, நம்ம வார்த்தையைச் சேர்க்காதீங்க என்று. நானும் ஊரில் எட்டாங்கிளாஸ் வரை படித்த கையெழுத்தில் அப்படியே எழுதினேன். வருகிறவள் கன்னம் வீங்கி வருவாள், விரல் உடைந்து வருவாள். என்ன நடந்தது என்று கேட்டால், "அவிய பேர எழுதிராதிய. மோரில வழுக்கி விழுந்தேன்னு போட்டுக்கிடுங்க" என்பாள். நாலு பேர் சொன்னதும் அதுவே வழக்கமாகிவிட்டது. பிறகு வந்தவர்கள் வாசலிலேயே விழுந்தேன் என்றார்கள், நான் பேனாவை எடுத்தேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மருந்து போடுகிற டாக்டருக்கும் தெரியும். வாசிக்கிறவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமை வேறு.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

காலண்டர் கடை சிங்கராயர் அண்ணன் மகள் ரீனா, நீ ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, செத்துப்போனாள். நம் ரூமுக்கு நாலு தடவை வந்தவள். நாலு தடவையும் மோரி என்றுதான் எழுதியிருக்கிறேன். ஐந்தாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வந்திருக்கிறாள். கதவில் பூட்டு. நான் அன்றுதான் சாவியையும் ரிஜிஸ்டரையும் ஒப்படைக்கச் செம்பூர் போயிருந்தேன். கணேசபாண்டியன், "செல்வியக்கா சாயங்காலம் வந்துருவா, இருந்து பாரும்மா" என்றாராம். அந்த ரப்பர் பாய்க் கட்டுக்குப் பக்கத்தில் படியில் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறாள். வீட்டுக்காரர் மூணு மணிக்குச் சாப்பிட வருவார், நான் இல்லாவிட்டால் சத்தம் போடுவார் என்று எழுந்து போய்விட்டாளாம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

ஸ்டேஷனில் அவள் வீட்டுக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? மோரியில் வழுக்கி விழுந்தாள், தலையில் அடிபட்டது, இது புதுசில்லை, அந்த ரூமில் ரிஜிஸ்டர் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள், நாலு தடவை விழுந்திருக்கிறாள் என்றான். செம்பூரிலிருந்து வரவழைத்துப் பார்த்தார்கள். நாலு தடவை. தேதியோடு, என் கையெழுத்தோடு. அவனுக்குச் சாட்சி சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை ஜான்சி. நான்தான் சொல்லியிருக்கிறேன்.

நானும் சபுராவும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த போலீஸ் சாஹிப், அப்படியென்றால் பொய்யாகவா எழுதினாய் மௌசி என்றார். ஆமாம் சாஹிப், பொய்தான் என்றேன். அதை எழுத்தில் கொண்டுவா என்றார். சிவகுருநாதன் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஜெபசெல்வியம்மா, வேற இடத்துல கிராண்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். ரிஜிஸ்டரே பொய்னு நீங்க எழுதிக் கொடுத்தா நாளைக்கு நம்மள யார் நம்புவா? ரீனா போயிட்டா. இருக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க" என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று நாள் முழங்காலில் நின்றேன். அந்தப் படியில் இருந்தவள் முகம்தான் வந்தது.

இருநூற்றுப் பதினாலு பேரில் இருக்கிறவர்களைத் தேடி, நானும் சபுராவும் சந்து சந்தாக நடந்தோம். நடந்ததைச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டோம். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, "ரூமுக்கே பூட்டு போட்டாச்சு, பொறவு என் பேரு எதுக்கு?" என்றாள். பதினோரு பேர் சரி என்றார்கள். பதினோரு பேரையும், ரீனாவையும், புருஷன் பேரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்குமுன் சிங்கராயர் அண்ணனிடம் காட்டினேன். பழைய ரிஜிஸ்டரின் நகலும் கூட இருந்தது. மகள் பேருக்கு நேரே இருந்த வரியில் விரலை வைத்தார். "எங்கிட்டயும் இதத்தான் சொன்னா செல்வி. நானும் பாத்து நடம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கடுதாசி எழுத உட்கார்ந்தேன். போன மாதம் நீ போனில், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் பெரியம்மா என்றாய். நான் என்ன சொன்னேன்? சோப்புத் தண்ணி கிடக்கும், பாத்து நட மகளே என்றேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உதட்டில் தையல். அதுவும் விழுந்ததுதான் என்றாய், நான் கேக் வெட்டப் போய்விட்டேன். எனக்கு எழுதப் பழக்கினவள் நீ. இருநூற்றுப் பதினாலு பேர் அந்த வார்த்தையைச் சொல்லக் கேட்டவள் நான். உன் வாயிலிருந்து வந்தபோது எனக்குக் காது கேட்கவில்லை.

ரூமுக்குத்தான் பூட்டு. என் வீட்டுக்கு இல்லை. அவர் டூட்டிக்குப் போனதும் பகல் வண்டி ஏறினால் தாதரில் இறங்கிவிடலாம். பெட்டி எதுவும் எடுக்க வேண்டாம். எந்த நாள் என்று மட்டும் தெரிந்தால் நானும் சபுராவும் பிளாட்பாரத்தில் நிற்போம். யாரும் எதுவும் கேட்க மாட்டோம், எழுதவும் மாட்டோம்.

வர முடியாவிட்டால் ஒரு வரி எழுது. இடது கையால் கிறுக்கினாலும் படித்துக்கொள்வேன். விழுந்தேன் என்று மட்டும் எழுதாதே மகளே.

உன் கால் ஒருநாளும் வழுக்கவில்லை என்று அறிந்திருக்கிற ஆண்டவர் உன்னை என் வாசல்வரை நடத்திக்கொண்டு வருவாராக.

உன் வழி பார்த்திருக்கும்,
பெரியம்மா
ஜெபசெல்வி