கழித்துக் கட்டிய கன்றுகள்

இன்று காலை பலாப்பழம் வெட்ட உங்கள் பாராங் கத்தியை எடுத்தேன். அம்பாங்கானில் இருக்கும் இந்த வீட்டில் வேறு எந்தக் கத்திக்கும் அந்தத் தோல் மசிவதில்லை. பிசின் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. நீங்கள் வேலை பார்த்த கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி.

“ஆன்ட்டி, நாங்க மறுபடியும் ஆப்பிரிக்கா போறோம். இந்தத் தடவ அந்த நாட்டு விவசாயக் கொள்கையப் பாத்துட்டுத்தான் திட்டமே போடுறோம் லா. சிரம்பான்ல ஒரு விருந்து இருக்கு. அங்கிள்தான் முன்னோடி. அவரப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்த பேசணும்.”

நல்லதாக. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். செத்துப்போன உங்களிடம் யோசிக்காமலே சொல்லலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோலா பிலா தோட்டத்து நர்சரியில் நீங்கள் எங்களை மேய்க்கிற மண்டோர். நான் பாலிபேக்கில் மண் நிரப்புகிறவள். எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனையில் சூம்பிய கன்றுகளைத் தனியே ஒதுக்கி, பாராங்கால் குருத்திலேயே ஒரு போடு போடுவீர்கள். முழுசாக வீசினால் யாராவது எடுத்துப்போய் நட்டுவிடுவார்கள், வருஷக்கணக்காக உரம் கொட்டியும் காய்க்காது என்பீர்கள். அது நியாயம்தான். “நான் கழிச்ச கன்னு கேட்டத் தாண்டாது” என்று மார்தட்டுவீர்கள். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதே பாராங்கோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனோம். புது ரகக் கன்றுகளை வளர்த்துச் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுப்பது கம்பெனியின் திட்டம். நிலத்தை மட்டும் அவர்கள் துப்புரவாக்கி வைக்க வேண்டும். வீடு வீடாகப் போய் அதைச் சொன்னது நீங்கள். பக்கத்து வீட்டு எஃபுவா புருஷனை இழந்தவள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மரவள்ளியை உங்கள் பேச்சை நம்பிப் பிடுங்கிப் போட்டாள். கிழங்கு அப்போது விரல் தடிமன்கூட இல்லை.

கன்றுகள் தளதளவென்று வளர்ந்து நின்றன. அதற்கப்புறம்தான் உங்கள் மேனேஜருக்கு அந்த ஊர் விவசாய அலுவலகத்தின் ஞாபகமே வந்தது. அங்கிருந்து வந்த அதிகாரி தேநீரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அந்த வட்டாரம் உணவுப் பயிருக்கென்று அரசாங்கம் எப்போதோ முடிவெடுத்துவிட்டதாம். செம்பனைக்கு உரம் வராது, எண்ணெய் ஆலைக்கு அனுமதியும் வராது. மரவள்ளி நிற்கிற நிலத்துக்குத்தான் உதவி. “முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே” என்றார். உதவிக்குப் பெயர் பதிய வந்த அலுவலகத்து ஆட்கள் எஃபுவாவின் நிலத்தை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவளிடம் வெறும் மண்தான் இருந்தது.

கம்பெனி திட்டத்தை மூடிவிட்டு, நர்சரியைக் காலி செய்யச் சொன்னது. எப்படிக் காலி செய்வது என்பதை உங்களிடம் விட்டுவிட்டது. பிடுங்கினதற்குப் பதிலாக இந்தக் கன்றுகளையாவது கொடுக்கச் சொல் என்று எஃபுவா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உங்களிடம் வந்தேன்.

“எல்லாம் நல்ல கன்னுங்க. குடுத்துட்டுப் போயிருவோம்.”

“உரம் இல்ல, ஆலை இல்ல. காய்ச்சாலும் எங்க கொண்டுபோய் விப்பாங்க? நாளைக்கு நம்ம கன்னு சரியில்லன்னுதான் பேசுவாங்க. பேரு கெட்டுரும்.”

“ஒங்க பேரையா திங்கப் போவுதுங்க அந்தப் புள்ளைங்க?”

“நீ மண்ணு ரொப்புறவ. ஒன் வேலையப் பாரு.”

வரிசை வரிசையாக வெட்டினீர்கள். வேலிக்கு வெளியே ஊரே நின்று பார்த்தது. எஃபுவா உள்ளே வந்து ஒரு கன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நீங்கள் ஓடவில்லை, கத்தவில்லை. வாசலில் நிறுத்தி, மரியாதையாக அவள் தலையிலிருந்து இறக்கி, அவள் காலடியிலேயே வைத்துக் குருத்தில் ஒரு போடு போட்டீர்கள். நீங்கள் திரும்பிப் போனதும் அவள் என்னிடம் உடைந்த ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் சொன்னதை அன்று நீங்கள் கேட்கவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரியில், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆன பிறகு கேட்டீர்கள்.

“அந்தப் பொம்பள அன்னைக்கி என்னா சொன்னா?”

மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. “மரவள்ளியப் புடுங்கச் சொன்னது ஒன் வீட்டுக்காரர்தான, இனிமே என் புள்ளைங்க என்னா திங்கும்னு அவரையே கேட்டுச் சொல்லுன்னா” என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தீர்கள்.

சொன்னதற்கு எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் இல்லாத வீட்டில் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது, அதுவும் உண்மைதான். உங்கள் மேல் இருக்கிற ஆத்திரமும் தணியவில்லை, ஆசையும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

மத்தியானம் அந்தப் பெண் திரும்பவும் கூப்பிட்டாள். விருந்து அழைப்பில் போட ஒரே ஒரு வரி வேண்டுமாம். கொடுத்தேன். “அவர் கையிலிருந்து ஒரு கெட்ட கன்றுகூட வெளியே போனதில்லை.”

“ஐயோ ஆன்ட்டி, ரொம்ப அழகா இருக்கு” என்றாள். உங்கள் படத்துக்குக் கீழே அச்சடிக்கப் போகிறார்களாம்.

ஆப்பிரிக்காவில் ஒரு நல்ல கன்றும் வெளியே போகவில்லை என்கிற வரியை நான் கொடுக்கவில்லை. விருந்தன்று என்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அதை அங்கே நானே சொல்லிக்கொள்கிறேன்.