கேட்காமல் சொன்ன ஆமென்

பாலிக்சி
செவ்வாய்க்கிழமை

என் அன்பான ஜெனிஷுக்கு,

புரூல் எழுதுவது. கர்த்தர் தருகிற சமாதானம் உங்களோடு இருக்கட்டும். இந்த வீட்டில் அது இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். நேற்று போட்டபோதெல்லாம், போதகர் கூட்டத்தில் இருக்கிறார் என்று யாரோ எடுத்தார்கள். ஒரே ஒரு தடவை நீங்களே எடுத்தீர்கள். நான் நம் மகன் ஏலாமானைப் பற்றி அழுதுகொண்டே சொல்ல, நீங்கள் பக்கத்தில் நின்றவரிடம் சிமெண்ட் எப்போது வரும் என்று கேட்டீர்கள். பிறகு என்னிடம், சரி சரி, ஜெபிப்போம் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும். வேன் ஓட்டுகிற தெமிர் இன்று ஓஷுக்கு வருகிறார். உங்கள் கையிலேயே கொடுக்கவும், நீங்கள் படித்து முடிக்கிறவரை நகராமல் நிற்கவும் அவரைக் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

என் உடம்பு பரவாயில்லை. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளை நன்றாக உதைக்கிறது. ஞாயிறன்று சபை நம் வீட்டில் நிறைந்து வழிந்தது. எல்லாருக்கும் சோறு ஆக்கினேன், பாட்டுக் குழுவுக்குத் தேநீர் போட்டேன், பாத்திரம் கழுவினேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. போகும்போது எல்லாரும், உங்க குடும்பம் மாதிரி ஊழியத்துக்கு உழைக்கிற குடும்பம் உண்டா என்று மெச்சிவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்கள் அப்பாவின் நினைவு விருந்துக்காக உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நான் வெளியே பெண்களோடு ஆட்டுக்குடல் அலசிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலுக்கும் உள்ளுக்குமாகப் போனும் கையுமாக நடந்தீர்கள். சாப்பாடு முடிந்து ஜபார் தாத்தா ஆசி சொல்லக் கைகளை விரித்தபோது நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நீங்களும் கைகளை விரித்தீர்கள். ஆசி முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் கைகளால் முகத்தைத் தடவினார்கள், நீங்களும் தடவி ஆமென் என்றீர்கள். அப்புறம் யாரிடமும் விடைபெறாமல் வண்டியைக் கிளப்பச் சொன்னீர்கள்.

அவர் என்ன சொல்லி ஆசி கொடுத்தார் தெரியுமா? அண்ணன் சகினின் அடுப்பு அணையக் கூடாது, தம்பி பெற்ற மூத்தவன் இனி அண்ணன் வீட்டு மகன் என்றுதான். அதற்குத்தான் நீங்கள் ஆமென் சொன்னீர்கள்.

அண்ணன் நம்மை ஏமாற்றவில்லை, ஜெனிஷ். அவர் கேட்டார், பெரியவர் வாழ்த்தினார், நீங்கள் சம்மதித்தீர்கள். ஊரே பார்த்தது. பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி ஒரு பிள்ளையைக் கொடுப்பது நம் ஆட்களுக்குப் புதிதா? ஆனால் கொடுக்கிறவர்கள் யோசித்து, அழுது, பெற்றவளைக் கேட்டு, மனதாரக் கொடுப்பார்கள். நீங்கள் போனில் பேசிக்கொண்டே கொடுத்துவிட்டீர்கள்.

போன வாரம் அண்ணனும் அண்ணி சோனூனும் வந்தார்கள். ஏலாமானுக்கென்று ஒரு குதிரைக்குட்டி ஒதுக்கியிருக்கிறார்களாம், அவனைக் கூட்டிப் போக வந்தார்களாம். கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்புவார்கள் என்று நினைத்து, முட்டாள் போல அவன் கம்பளிச் சட்டையை மடித்துக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகுதான், அன்று விருந்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரி உள்ளே நடந்ததையெல்லாம் உடைத்துச் சொன்னாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவனைக் கூட்டி வரலாம் என்று போனேன். அண்ணன் கொல்லையில் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தார். தொழுகை நேரம் வந்ததும் பாதி வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கை கால் கழுவி, பாயை விரித்தார். நம் பிள்ளை அவர் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தான், ஜெனிஷ். நம் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் முடிவதற்குள் மேசையடியில் புகுந்துவிடுவானே, அந்தப் பிள்ளைதான். முடித்துவிட்டு அண்ணன் என்னிடம் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. இவ்வளவுதான் சொன்னார்:

"நீங்க கும்பிடுறது வேற, நாங்க கும்பிடுறது வேற. அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாங்க வேலைய நிறுத்திட்டுத் தொழுவோம்மா. உங்க வீட்டுல தொழுறதே ஒரு வேலையாப் போச்சு. அந்தப் பிள்ள அங்க யாரு பக்கத்துல உக்காருவான், சொல்லு?"

  ஏலாமானைக் கொஞ்சம் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு வர்றியா கண்ணு என்று கேட்டேன். அப்பா இருக்காரா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்போ அப்பா வந்ததும் வரேம்மா என்று சொல்லிவிட்டுக் குட்டியைப் பார்க்க ஓடிவிட்டான். தனியாகத் திரும்பி வந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆடு அறுத்து, பெரியவர்கள் முன்னால் அவனைத் தன் மகன் என்று சொல்லி ஏற்கப் போகிறார் அண்ணன். அதற்குப் பிறகு திருப்பிக் கேட்டால் அண்ணன் தம்பி உறவே அறுந்துபோகும். அதற்கு முன்னால் கேட்கலாம். நான் கேட்டால் செல்லாது. ஆமென் சொன்ன வாய்தான் வந்து, நான் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். போதகருக்கு அது எவ்வளவு தலைகுனிவு என்று எனக்குத் தெரியும். அதே வெள்ளிக்கிழமைதான் அங்கே புது ஜெப வீட்டுத் திறப்பு, வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்பதும் தெரியும். நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஜெபித்துப் பல நாளாயிற்று. முழங்கால் போட்டால் சபைக்கு எத்தனை ரொட்டி சுட வேண்டும் என்றுதான் மனது போகிறது. பிள்ளை போன பிறகு அந்த நினைப்பும் வருவதில்லை, வெறுமையாக இருக்கிறது. நீங்கள் ஊர் ஊராக ஜெப வீடு கட்டுகிறீர்கள். இந்த ஒரு வீட்டில் ஜெபம் செத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் மட்டும் வந்தால் போதும். உபதேசம் வேண்டாம், எங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஓஷிலிருந்து மலைப்பாதை இன்னும் திறந்திருப்பதாகத் தெமிர் சொல்கிறார். அவர் வண்டியிலேயே ஏறிவிட்டால் வெள்ளிக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். நான் நாளைக்கே கிளம்பி அங்கே போய் உட்காரப் போகிறேன்.

இதை எழுதி முடித்துவிட்டுக் கைகளை விரிக்கிறேன். வருகிற வார்த்தை இவ்வளவுதான்: ஆண்டவரே, என் பிள்ளையை என்னிடம் கொண்டுவாரும், அவன் அப்பாவையும் கொண்டுவாரும்.

முழுவதும் கேட்டீர்களா, ஜெனிஷ்? கேட்டிருந்தால் மட்டும் ஆமென் சொல்லுங்கள்.

உங்கள்
புரூல்