கம்பெனி சாமானும் பாய் கடைச் சாமானும்

3 அக்டோபர் 2007, புதன்

ஒரத்தநாடு முழுக்க இலவசக் கலர் டிவி வந்து இறங்கிவிட்டது. டிவி வந்த வீட்டுக்கு டிவிடி பிளேயர் வேண்டாமா? வேண்டும். ஆனால் வாங்குவதெல்லாம் எதிர்க்கடை சேக் தாவூது பாயிடம். நான் விற்பது கம்பெனி சாமான், ஒரு வருட வாரண்டி. அவர் விற்பது பெயரில்லாத டப்பா. கேட்டால் "துபாய் சரக்கு" என்கிறார். துபாயில் அவர் பார்த்தது ரொட்டிக்கடை வேலை!

இந்தத் தீபாவளிக்குச் சரக்கு நகராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். வேளாங்கண்ணிக்குப் போய் அண்ணன் கடையில் மெழுகுவர்த்தி விற்கலாம். அண்ணியோடு ஒரே அடுப்படியில். மாதாவே, என்னைக் காப்பாத்து.

5 அக்டோபர், வெள்ளி

பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுக் கடையை மந்திரிக்கச் சொன்னேன். தீர்த்தம் தெளித்தார். மேசையில் ஷோவுக்கு வைத்திருக்கும் பிளேயர் தட்டை நீட்டிக்கொண்டு இருந்தது. "சாமி, இதுக்கு மட்டும் இன்னும் ரெண்டு தெளிங்க" என்றேன். நாலு பேர் பார்ப்பது அதைத்தானே.

எதிரே பாய் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார். கடை தெரியவில்லை, புகைதான் தெரிந்தது.

9 அக்டோபர்

மகளிர் குழுத் தலைவி வேம்பு வந்தாள். தீபாவளிக்குள் குழுவில் எல்லாருக்கும் பிளேயர் எடுக்கப் போகிறார்களாம். முப்பது வீடு!

"எலெக்சன்ல ரெண்டு ஏக்கர் நெலம் தர்றேன்னாங்க, டிவிதான் வந்துச்சு. வந்ததையாவது ஒழுங்கா பாக்கணும்ல, புஷ்பக்கா? என் கல்யாண சிடி எதுல ஓடுதோ அதுதான் நல்ல பிளேயரு" என்றாள்.

அந்த சிடியைப் பிள்ளைகள் தெருவில் சக்கரமாக உருட்டியிருக்கிறார்கள். ஒரே கீறல். போட்டேன். 'நோ டிஸ்க்'. துடைத்துப் போட்டேன். 'நோ டிஸ்க்'.

"எனக்குக் கல்யாணமே ஆகலேங்குதா இது?" என்றாள் வேம்பு.

பாய் கடையில் ஓடியது. நின்று நின்று, திக்கித் திக்கி ஓடியது. ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து அவள் புருஷன் வைரக்கண்ணு தலை எட்டிப் பார்த்ததும் தெருவே கை தட்டியது. பந்தியில் அவனும் அவன் தம்பியும் தோளில் கை போட்டுக்கொண்டு பாயசம் ஊற்றுகிறார்கள். இப்போது அதே ரெண்டு பேரும் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள்.

நான் விடவில்லை. "இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்குமா?" என்று கத்தினேன். கடைசியில் வேம்பு தீர்ப்புச் சொன்னாள். முதலில் என்னிடம் நாலு, பாயிடம் நாலு. ஆயுத பூஜை தாண்டி எது நிற்கிறதோ, மிச்சமெல்லாம் அந்தக் கடையில்.

14 அக்டோபர்

ரம்ஜான். பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கோபத்தோடு சாப்பிட்டேன். ரெண்டாம் தரம் போட்டுக்கொண்டதும் கோபத்தோடுதான்.

22 அக்டோபர், திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு. ஆயுத பூஜை முடிந்து கடை திறந்தால் வாசலில் என் நாலு பிளேயரும் நிற்கின்றன. "கம்பெனி சாமானாம், கம்பெனி சாமான்!" என்று வாங்கினவர்கள் ஒரே கூச்சல், ஒன்றும் ஓடவில்லையாம். எதிரே எட்டிப் பார்த்தேன். பாயின் நாலும் திரும்பி வந்திருந்தன. சந்தோஷப்படக் கூடாதுதான். பட்டேன்.

பாய் ரோட்டைத் தாண்டி வந்தார். "புஷ்பம்மா, உங்க ஆளுங்க யாராச்சும் என் சரக்குல கைய வச்சாங்களா?"

"பாய், நான் கேக்க வேண்டியத நீங்க கேக்குறீங்க!"

ஸ்குரூவைக் கழற்றினோம். என்னுடையதில் ஒன்று, அவருடையதில் ஒன்று. ரெண்டிலும் லென்ஸ் மேல் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். உள்ளே கிடந்த சிடியைத் திருப்பினேன். பளபளப் பக்கத்தில் வட்டமாகப் பொட்டு.

"புதுசா வந்த சாமான் இல்லியாக்கா? அருவா, டிராக்டருக்கெல்லாம் வச்சோம், இதுக்கும் வச்சோம். பளபளன்னு இருக்கறதுதான மூஞ்சி?" என்றாள் வேம்பு.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை, வைதேன். "மிஷினுக்குப் போயி இதெல்லாம் பண்ணுவாங்களா? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

"சரிக்கா. ஒங்க ஷோ பிளேயர்ல வேற சிடி போட்டுக் காட்டுங்க."

போட்டேன். 'நோ டிஸ்க்'. திறந்தால் லென்ஸில் உப்புப் பூத்திருக்கிறது. சாமியார் தீர்த்தத்தில் உப்பை மந்திரித்துப் போடுவார், எனக்குத் தெரியாதா என்ன? இப்போது பாய் தரையில் உட்கார்ந்தே சிரித்தார். வேம்பு அவரையும் விடவில்லை. அவர் ஷோ பிளேயரைத் திறந்தால் உள்ளே அடுப்புப் புகைக்கூண்டு மாதிரி சாம்பிராணிக் கரி.

"எங்க சந்தனம் மட்டுந்தான் ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிச்சாக்கும்" என்றாள்.

வெட்கமாகப் போய்விட்டது.

25 அக்டோபர்

நானும் பாயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சும் ஸ்பிரிட்டுமாகப் பத்து பிளேயரையும் துடைத்தோம். துபாய் சரக்கு இல்லையாம், சென்னையில் எடுத்ததாம். பேச்சோடு பேச்சாக அவரே சொன்னார். கீறல் சிடியை அவர் டப்பா படிக்கிறது, ஆனால் திக்குகிறது. என்னுடையது படிக்காது, படித்தால் திக்காது. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? வேம்புவின் சிடியை அவர் கடையில் ஓடவிட்டு, அவர் கம்ப்யூட்டரில் திக்கலை வெட்டிவிட்டுப் புதுசாகக் காப்பி எடுத்து, என் பிளேயரில் போட்டோம். தாலி ஒரே மூச்சில் கட்டப்பட்டது.

27 அக்டோபர்

வேம்பு சொன்னாள். அவள் வீட்டில் காப்பி சிடி ஓடும்போது வைரக்கண்ணுவின் தம்பி ஜன்னலுக்கு வெளியே நின்றே பார்த்தானாம். பாயச சீன் வந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டானாம். கேஸ் கேஸாகவே இருக்கிறது. வாய்தாவுக்கு மட்டும் ஒரே வண்டியில் போகிறார்களாம்.

7 நவம்பர், புதன்

நாளை தீபாவளி. பாயோடு பேசிவைத்தபடி, அவர் கொடுத்த நாலையும் மாற்றி முப்பது வீட்டுக்கும் பிளேயர் என் கடை, சிடி காப்பி பாய் கடை. கடைசிப் பெட்டியும் போய்விட்டது. வேம்பு பொட்டு வைத்தாள், பெட்டியின் அட்டைக்கு.

சாயங்காலம் சாமியார் அந்தப் பக்கமாக வந்தார். "புது ஸ்டாக் வந்தா சொல்லுங்க, தெளிச்சுடலாம்" என்றார். "ஷட்டருக்குத் தெளிங்க சாமி, அது போதும்" என்றேன். எதிரே இருந்து பாய் குரல் கொடுத்தார்: "நம்ம ஷட்டருக்கும் சேத்து, சாமி! பாத்து, ஏற்கெனவே துருப்பிடிச்சுக் கெடக்கு!"

அண்ணிக்குப் போன் போட்டேன். மெழுகுவர்த்தியை நீங்களே வித்துக்குங்க என்றேன்.