பதில் மணி

அண்ணாச்சி,

நேற்று எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, எங்கள் வாசல் நிலைக்கு மேலே நீங்கள் அடித்து வைத்த மரப்பெட்டியைத் திறந்தார். பழைய ரப்பர் டேப்பும் துருவும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை குப்பென்று இறங்கியது. உங்கள் கையில் எப்போதும் இருந்த வாடை. ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா, ஏணியைப் போட்டு ஆட்டுதீங்க?" என்று அவர் மேலிருந்து கேட்டார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியை என்னால் எழுத முடியாது.

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டது. பேரருவிப் பக்கம் பழக்கடையைத் திறந்துவிட்டோம். காலையில் வீட்டைப் பூட்டினால் நானும் வீட்டுக்காரரும் பொழுது சாயத்தான் திரும்புகிறோம். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவள் திருநெல்வேலியில் டீச்சர் வேலையில் இருக்கிறாள். அவளுக்குச் சேர்த்த பாத்திரமும் பட்டும் இங்கே பூட்டின வீட்டுக்குள் இருக்கின்றன. நீங்கள் இல்லை. காவலுக்கு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டியதாகிவிட்டது. உங்களுக்குச் சொல்லாமல் நீங்கள் இழுத்த மணிக் கம்பியில் இன்னொருவர் கை வைத்தால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வருஷம் முழுக்கக் குடியிருந்தது நாம் இரண்டு வீடு. மற்றதெல்லாம் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள். சீசனில் தெரு நிறைய ஆள், ஒரு முகம் தெரிந்த முகம் இல்லை. சீசன் முடிந்தால் கதவெல்லாம் பூட்டு. கள்ளனுக்கு இரண்டு காலமும் தோதுதான்.

எமர்ஜென்சிக்கு முந்தின சீசன் என்று ஞாபகம். கடையிலிருந்து திரும்பினால் பின்கதவு திறந்து கிடக்கிறது, ரேடியோவையும் வெண்கலப் பானையையும் காணோம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட நீங்கள்தான் அதிகம் கலங்கினீர்கள். ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய், தனியாக அடுத்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நடுவுல ஒரு சந்து. நான் வீட்டுலதான் இருக்கேன். என் காதுல விழலியே தாயி" என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னீர்கள். மறுநாள் தென்காசிக்குப் போய்க் கம்பிச் சுருளோடும் ஒரு கறுப்பு மணியோடும் வந்து இறங்கினீர்கள்.

எங்கள் இரண்டு கதவிலும் அடுப்படி ஜன்னலிலும் சுவிட்ச், மணி உங்கள் வீட்டில். கதவு திறந்தால் அங்கே அடிக்கும். அதோடு விட்டீர்களா? வாசல் தூணுக்குப் பின்னால் ஒரு பொத்தானும் வைத்தீர்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது இரண்டு அடி. திரும்பி வந்து கதவைத் திறக்குமுன் மூன்று அடி. மூன்று அடிக்காமல் கதவு திறந்தால் அது நாங்கள் இல்லை. ரயில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போவது இப்படி மணி பேசித்தான் என்று என் வீட்டுக்காரருக்கு அரைநாள் விளக்கினீர்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, ராத்திரி என்னிடம் எத்தனை அடி என்று கேட்டார்.

இரண்டு அடி அடித்துவிட்டு நான் திரும்பிப் பார்ப்பேன். உங்கள் ஜன்னலில் பச்சைத் துண்டு அசையும். கேட்டுவிட்டது, போகலாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் மணி இல்லாததால் துண்டு. உங்களுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. "பதில் மணி இல்லேன்னா மணி அடிச்சதாவே சேத்தி இல்ல தாயி" என்பீர்கள். அஞ்சு மணிக்கு வருகிறோம் என்று சொல்லி ஆறரைக்கு வந்தால் காலண்டரில் 'ஒன்றரை மணி தாமதம்' என்று எழுதி வைப்பீர்கள். கூட்டம் அண்ணாச்சி, என்ன செய்ய என்று நான் சொன்னாலும் அழிக்க மாட்டீர்கள். ஒரு நாள் கோபத்தில், நான் என்ன கொல்லம் மெயிலா என்று கேட்டுவிட்டேன். மெயில் இவ்வளவு பிந்தாது என்றீர்கள்.

முதல் சீசனில் உங்கள் மணியை அடித்ததெல்லாம் குரங்குகள்தான். அடுப்படி ஜன்னலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கடைக்கு ஒதுக்கி வைத்த மங்குஸ்தானை உரித்துத் தின்றுவிட்டுத் தோலை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கம்போடு ஓடி வருவீர்கள். சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வந்திருக்கிறீர்கள், பாதி முகம் சவரம் செய்த சோப்போடும் வந்திருக்கிறீர்கள். குரங்காகத்தான் இருக்கும், எதற்கு இந்தப் பாடு என்று நான் கேட்டால் ஒரே பதில்தான்.

"குரங்குன்னா என்ன தாயி, மணி அடிச்சா வரணும்லா."

அப்படி வந்ததில் ஒரு தடவை நிஜக் கள்ளனே மாட்டப் பார்த்தான். உங்கள் கம்பைக் கண்டு பின்சுவர் ஏறிக் குதித்ததில் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனான். அந்த ஒற்றைச் செருப்பை அடுத்த சீசன் வரைக்கும் எங்கள் கேட்டில் கட்டித் தொங்கவிட்டீர்கள். வருகிற போகிறவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் உங்களை நம்பி இந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். ஒரு கரண்டி போகவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

உங்கள் காலில் நடுக்கம் வந்த வருஷம். ஒரு மத்தியானம் கையில் ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பென்சிலால் இரண்டு வீட்டையும் கம்பியையும் வரைந்திருந்தீர்கள். சுற்றி வளைத்து அதையும் இதையும் பேசிவிட்டு, "இங்கனயும் ஒரு மணி வைப்போமா தாயி? பொத்தான் என் கட்டில் பக்கத்துல இருக்கும்" என்றீர்கள்.

எனக்குக் கள்ளன்தான் புத்தியில் இருந்தான். மணி என்றால் கள்ளனுக்கு என்றே பழகிவிட்டது. என் வாய் உங்களுக்குத் தெரியும்.

"உங்க வீட்டுல என்ன இருக்கு அண்ணாச்சி, களவாங்க? பழைய டைம்டேபிளும் ஒரு கூஜாவும்தானே. கள்ளன் பாவப்பட்டு நாலு காசு வச்சிட்டுல்லா போவான்."

வீட்டுக்காரர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். "அதுவும் சரிதான்" என்று சொல்லி, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். காப்பி குடித்தீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. எனக்கும் அது மறந்தே போய்விட்டது.

போன ஐப்பசியில் ஒரு நாள் அருவியில் வெள்ளம். குளிக்க விடவில்லை, கடை திறக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தோம். நான் முறுக்குச் சுட்டேன். உங்களுக்கு நாலு எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தால், காலையில் ஊற்றின பால் செம்போடு வாசலில் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தீர்கள். ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. கையில் டம்ளர். ஜன்னல் கம்பியில் தட்டித் தட்டி அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. அருவிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஒரு சந்துதான். நான் வீட்டில்தான் இருந்தேன். தென்காசி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். விடியற்காலையிலேயே விழுந்திருப்பார், உடனே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை நான் உங்கள் மகனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மகன் பம்பாய்க்குத் திரும்பிப் போய்விட்டார். பங்குனியில் என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து ஒரு அலாரக்காரரை வரச் சொன்னார். டை கட்டின ஆள். இரும்புப் பெட்டி ஒன்று, அதன் மேல் தாமரை போல ஒரு ஒலிபெருக்கி. கதவைத் தொட்டால் ஊரே எழுந்து வரும் என்றார். எங்கே, போட்டுக் காட்டுங்கள் என்றேன். போட்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது. மரத்திலிருந்த குரங்கெல்லாம் ஓடிப்போயின. பூட்டின வீடுகள் பூட்டினபடி இருந்தன. கால் மணி நேரம் கழித்து முக்கு டீக்கடைக்காரர் மட்டும் நடந்து வந்து, சங்கு ஊதிச்சே, மணி பன்னெண்டா ஆயிட்டு என்று கேட்டார்.

சீசனில் கூட்டம் இருக்குமே, கூட்டம் வரும் என்றார் அலாரக்காரர். சீசனில் இந்த ஊரில் சத்தத்துக்கா பஞ்சம்? அருவி ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம். அந்தப் பெட்டி நன்றாகத்தான் கத்தியது, குறை சொல்லக் கூடாது. கத்தினால் யார் வருவார் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். உங்கள் மணி சைக்கிள் மணி மாதிரி மெதுவாகத்தான் அடிக்கும், ஆனால் யார் வருவார் என்று எனக்குத் தெரியும். காப்பி கொடுத்து அவரை அனுப்பிவிட்டோம்.

உங்கள் வீட்டில் தை மாதமே ஆள் வந்துவிட்டது. செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண், முப்பது வயது இருக்கும். தையல் வேலை. புருஷனோடு சேர்ந்து இல்லை. மெஷினை நீங்கள் துண்டு காட்டின ஜன்னலடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அங்கேயேதான் இருக்கிறாள். உங்கள் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. நாலைந்து மாதம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அலாரம் கத்தின அன்று ஜன்னலில் எட்டிப் பார்த்தவளையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சீசன் நெருங்கவும் வேறு வழி இல்லாமல் போன வாரம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். உங்கள் மணி சுவரில் அப்படியேதான் இருந்தது, அதைத் துடைத்து வைத்திருந்தாள். பேட்டரியை மாற்றித் திரும்பவும் ஓட விட்டால், அடித்ததும் வந்து பார்ப்பாயா என்று கேட்டேன்.

பார்க்கிறேன் என்றாள். ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"உங்க வீட்டுலயும் ஒண்ணு வைப்பீங்களா அக்கா? அந்த ஆள் ரெண்டு தடவ குடிச்சிட்டு வந்து கதவ இடிச்சிட்டுப் போயிட்டு. எனக்குக் கூப்பிட ஆளில்ல."

அவள் கேட்க ஆரம்பித்ததுமே என் கண் வீட்டைச் சுற்றி வந்துவிட்டது. ஒரு மெஷின், ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. உன் வீட்டுல என்ன இருக்கு என்கிற வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது அண்ணாச்சி. அதே வாய்தானே. அப்படியே விழுங்கினேன். வைப்போம்மா என்றேன்.

நேற்று எலக்ட்ரீஷியன் வந்ததும் புதுக் கம்பி எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர், "இழுக்கவே வேண்டாம்க்கா. நாலு கம்பி போட்டிருக்காவ. ரெண்டுதான் ஓடுது. மத்த ரெண்டும் சும்மா டேப் சுத்தி நிக்கி" என்றார். நீங்கள் கம்பி இழுத்தது ஒரே தடவைதான், அந்த முதல் சீசனில். அன்றைக்கே பதில் மணிக்கும் சேர்த்து இழுத்திருக்கிறீர்கள். ஒரு மணியும் ஒரு பொத்தானும்தான் பாக்கி. பென்சில் காகிதத்தோடு நீங்கள் வந்தபோது என்னிடம் கேட்டது சுவரில் ஒரு ஆணி அடிக்கிற இடம்.

நேற்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரரும் பாதித் தட்டோடு எழுந்துவிட்டார், அவருக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்திருக்கும்.

இன்றைக்கு அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்க விடவில்லை. கடை இல்லை. மத்தியானம் புளிக்குழம்பு கொதிக்கிறது, வெளியே ஒரே இரைச்சல், அடுப்படிச் சுவரில் நேற்று மாட்டின புது மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. கையில் அகப்பையோடு அப்படியே சந்தில் இறங்கி ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினேன்.

ஜன்னலில் ஒரு பெரிய தாட்டான் குரங்கு. தைத்து வைத்த ஜாக்கெட்டைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் போட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிறுத்துவிட்டது. குரங்குக்குப் போய் உங்களை ஓட வைத்துவிட்டேனே என்றாள்.

"குரங்குன்னா என்னட்டி, மணி அடிச்சா வரணும்லா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் சொன்னது என்று உறைத்தது. அங்கேயே உங்கள் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாவம், அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

திரும்பி வந்து குழம்பை இறக்கினேன், அடி பிடித்திருந்தது. அதன் பிறகு தூணுக்குப் பின்னால் போய் இரண்டு அடி அடித்தேன். உள்ளே சுவரில் இரண்டு அடி திரும்பி வந்தது.

உங்கள் வீட்டிலிருந்து மணி அடித்து நான் ஓடி வந்த முதல் நாள் இது. ஐப்பசியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, எட்டு மாதம் தாமதம். அழிக்க வேண்டாம்.