உங்கள் இருபத்திரண்டு கிலோ செவலை

அன்புள்ள மாமாவுக்கு,

நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். புரட்டாசியில் உங்கள் வருசத் திதிக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் படையல் போட்டுக் கும்பிட்டேனே, அது வேறு. இது வேறு.

எல்லாம் செவலையால் வந்தது. நம் கொட்டத்தில் பாதி ஆடுகளுக்குத் தாயான அதே செவலைதான். ஐப்பசி மழையில் முதலில் இரண்டு குட்டிகள் கழிந்து கழிந்து செத்தன. அடுத்து இவளுக்குத் தாடைக்குக் கீழே பை தொங்கியது. காலையில் வடிந்திருக்கும், சாயங்காலம் மேய்ந்துவிட்டு வந்தால் மறுபடியும் தொங்கும். நீங்கள் சொல்வீர்களே, "அணைத் தண்ணி குடிக்கிற ஆட்டுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று. நானும் அதை நம்பி, நீங்கள் கொடுக்கும் அதே புழு மருந்தை, நீங்கள் ஊற்றும் அதே மூடியால் அளந்து, இரண்டு தடவை வாயில் ஊற்றினேன். பாதியை என் சேலையில் துப்பினாள். வீக்கம் அப்படியே இருந்தது.

கம்பத்திலிருந்து நம் மகன் பாண்டி வந்தான். எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் தீர்ப்புச் சொன்னான்.

"ஆத்தா, இதுவும் செத்துச்சுன்னா அத்தனையையும் ஏவாரிக்குப் பிடிச்சுக் குடுத்துருவேன். நீ எங்ககூட வந்து கம்பத்துல இரு. டிவி இருக்கு, ஃபேன் இருக்கு."

டிவிக்கும் ஃபேனுக்கும் நடுவில் என்னை நினைத்துப் பாருங்கள் மாமா. நான் யாரைத் திட்டுவேன்?

ஆண்டிபட்டிக்குப் புது டாக்டரம்மா வந்திருக்கிறார். புழுக்கை கொண்டுவந்தால் பரிசோதித்துச் சொல்வார் என்றார்கள். எடுத்துப் போக வேறு டப்பா அகப்படவில்லை. உங்கள் வெற்றிலைப் பெட்டியில்தான் கொண்டு போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெரியவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, ஒரு வெத்தலை குடேன்" என்று அவராகவே திறந்துவிட்டார். ஆண்டிபட்டி வரும் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

"முட்டை எக்கச்சக்கமா இருக்கு, ரத்தம் குடிக்கிற புழு" என்றார் டாக்டரம்மா. மறுநாள் வீட்டுக்கே வந்தார். செவலையின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பச்சரிசி மாவு போல வெளுத்துக் கிடந்தது.

"எத்தனை கிலோ இருக்கும்?"

"இருபத்திரெண்டு" என்றேன் பெருமையாக. "எங்க வீட்டுக்காரக முதுகைப் பிடிச்சுப் பாத்துச் சொன்ன கணக்கு. அவுக சொன்னா சந்தையே ஒத்துக்கிரும்."

அந்த அம்மா வேப்பமரத்துக் கிளையில் கொக்கித் தராசை மாட்டி, சாக்கில் செவலையைத் தொங்கவிட்டார். முப்பத்தொன்று! நோஞ்சானாகக் கிடக்கும்போதே முப்பத்தொன்று! தராசுதான் பொய் சொல்கிறது என்று சண்டைக்குப் போனேன். இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வந்து தொங்கவிட்டேன். சரியாக இருபது காட்டித் தொலைத்தது. பிறகு எல்லா ஆட்டையும் நிறுத்தோம். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே உங்கள் கணக்கைவிடக் கூடுதல்.

"அவுக சந்தையில ஆடு வாங்குவாகளா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்குகிறவன் வாய் கம்மியாகத்தான் பேச வேண்டும் என்பீர்கள். சொந்த ஆட்டுக்கும் உண்மை எடையைச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்பீர்கள். சந்தையில் குறைத்தீர்கள், சரி. மருந்து ஊற்றும்போதுமா குறைப்பது? இருபத்திரண்டு கிலோவுக்கான மருந்து முப்பத்தொரு கிலோ ஆட்டுக்கு எப்படிப் போதும்? சோப்ளாங்கிப் புழுவெல்லாம் செத்து, தாக்குப்பிடித்ததெல்லாம் குட்டி போட்டு, இப்போது அந்த மருந்து அதுகளுக்குச் சுக்குக் காப்பி மாதிரி ஆகிவிட்டதாம். நீங்கள் ஆட்டை மட்டுமா வளர்த்தீர்கள் மாமா?

சினை இல்லையே என்று கேட்டுக்கொண்டு, முப்பத்தொரு கிலோவுக்குக் கணக்குப் போட்டு வேறு மருந்து கொடுத்தார். வெயிலேறிப் பனி காய்ந்த பிறகுதான் அணையோரம் மேய விட வேண்டும் என்றார். பனி ஈரத்தில் புல் நுனிக்குப் புழு ஏறி நிற்குமாம். நீங்கள் கோழி கூவுமுன் ஓட்டிப் போனது அதுகளுக்குப் புழுவைப் பந்தி வைக்கத்தானாம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் இமையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் என்னைக் கண்டாலே செவலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "என்னடி, ஆட்டுக்கு மை தீட்டுறியா?" என்று பக்கத்து வீட்டுச் சீனியம்மா வேலிக்கு மேலே எட்டிக் கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். இவள் போனால் நானும் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் அல்லவா?

ஒருநாள் இமை லேசாகச் சிவந்தது. தாடைப் பை வற்றியது. மறுபடியும் உங்கள் வெற்றிலைப் பெட்டி ஆண்டிபட்டிக்குப் போய் வந்தது. முட்டை நன்றாகக் குறைந்துவிட்டதாம். தீர்ப்பை நிறைவேற்ற வந்த பாண்டியின் ஜீப்பில் செவலை ஏறி, அவன் டிரிப் ஷீட்டில் பாதியைத் தின்றுவிட்டாள். "இதைப் போயா சாகப் போகுதுன்னு சொன்ன?" என்று என்னையே திட்டிவிட்டுப் போனான்.

சிரித்து முடித்த பிறகுதான் மாமா, நீங்கள் போய்ச் சேர்ந்த அந்த நாள் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், வலி எப்படி இருக்கிறது என்று. "லேசாத்தான்யா இருக்கு, வாயுப் பிடிப்பு" என்றீர்கள். உங்கள் கழுத்து வியர்வையை என் முந்தானையால் துடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். நனைந்த முந்தானை என் கையில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் சொன்ன அளவுக்குத்தானே அவர் மருந்து கொடுப்பார்?

உண்மையில் எத்தனை கிலோ மாமா அந்த வலி?

நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி நம் வீட்டில் மருந்துக்கும் வலிக்கும் தராசு சொல்வதுதான் கணக்கு. போன வாரம் நர்ஸம்மா என் முட்டி வலியைப் பற்றிக் கேட்டார். போதும் என்று அவர் கும்பிடும்வரை சொன்னேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

சீனியம்மா செவலையின் எடையைக் கேட்டால் மட்டும் இன்றைக்கும் இருபத்திரண்டுதான். அவள் கண் அப்படி.

இன்று காலை நிறுத்தேன். முப்பத்திநாலு. உங்களிடம்தான் சொல்கிறேன், வெளியே சொல்லிவிடாதீர்கள்.

முழு எடைக்கும் உங்கள் நினைப்பைச் சுமக்கும்,
உங்கள் அக்கா மகள், உங்கள் வீட்டுக்காரி
பேச்சி